பயந்த பூனைக்கு சிபிடி எண்ணெய்: கேள்வி பதில்

பூனை வளர்ப்பவர்களிடம் சிபிடி (கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத ஒரு பொருள்) பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான்: "எத்தனை சொட்டு?" அதற்கு நடுவில் வருகிறேன். அதற்கு முன்னால் அவசரமான ஒன்று.

கேள்வி: தீபாவளி வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போன எங்கள் மீனா இரண்டு நாளாக வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. ஆன்லைனில் ஹெம்ப் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா டாக்டர்? (தாம்பரம்)

எண்ணெயை ஓரமாக வையுங்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பதுதான் இங்கே கவலை. பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர ஆரம்பிக்கும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் லேபிள் தெளிவாக இருக்கிறது: 'ஹெம்ப் சீட் ஆயில்'. அது விதையை ஆட்டி எடுத்த எண்ணெய். அதில் சிபிடி கிட்டத்தட்ட இல்லை. சிபிடி இருப்பது பூவிலும் இலையிலும். 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பொருளாக அனுமதித்ததும் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றைத்தான். நல்லெண்ணெய் மாதிரி அதுவும் ஓர் எண்ணெய், அவ்வளவே. சில விற்பனையாளர்கள் 'சணல் விதை எண்ணெய்' என்று தமிழில் போடுகிறார்கள். சாக்குப்பை தைக்கும் சணல் வேறு செடி. ஹெம்ப் என்பது போதை குறைந்த கஞ்சாச் செடி.

அடுத்த தீபாவளிக்கு ஓர் உள் அறையைத் தயார் செய்யுங்கள். ஜன்னலை மூடி, ஃபேனையோ டிவியையோ ஓடவிட்டு, அட்டைப்பெட்டியில் நீங்கள் கட்டிய பழைய புடவையைப் போட்டு வையுங்கள். ஒளிந்துகொள்வது பூனைக்கு வைத்தியம். இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: சிபிடி உண்மையிலேயே பூனையின் பதற்றத்தைக் குறைக்குமா?

குறைக்கும் என்று சொல்ல இன்றைக்கு என் கையில் ஆதாரம் இல்லை. கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி. சிபிடி போதை தராது. அமெரிக்காவில் 2018இல் சிபிடி மருந்து ஒன்றுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, மனிதர்களுக்கு வரும் அரிய வகை வலிப்புகளுக்காக. விலங்குகளுக்கு என்று ஒரு சிபிடி மருந்தைக்கூட அது அனுமதிக்கவில்லை.

நாய்களில் மூட்டுவலிக்கு ஓரளவு நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் நாய்களுக்கு வாணவேடிக்கைச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுக்காட்டிய 2020ஆம் ஆண்டு ஆய்வில், சிபிடி கலந்த பிஸ்கட் பயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பூனைகளில் நடந்தவை பெரும்பாலும் 'கொடுத்தால் தாங்குமா' என்று பார்த்த ஆய்வுகள். 'பயம் போகுமா' என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

கேள்வி: சரி, எத்தனை சொட்டுதான் கொடுப்பது? புட்டியில் '3 சொட்டு' என்று போட்டிருக்கிறது. (பலர்)

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான எட்டுப் பூனைகளுக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், தினம் இருவேளை, 12 வாரம் கொடுத்தார்கள். உங்கள் பூனை நான்கு கிலோ என்றால் வேளைக்கு 8 மில்லிகிராம்.

30 மில்லி புட்டியில் 300 மில்லிகிராம் சிபிடி இருந்தால், ஒரு மில்லியில் 10. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. ஆக அந்த ஆய்வின் அளவு வேளைக்கு 16 சொட்டு. லேபிள் சொல்லும் 3 சொட்டில் இருப்பது ஒன்றரை மில்லிகிராம். 'மூன்றே சொட்டில் பூனை சாந்தமாகிவிட்டது' என்று எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாசு நின்றால் பூனை தானாகவே சாந்தமாகும்.

அதே ஆய்வில் நாய்களையும் சேர்த்திருந்தார்கள். அதே அளவு கொடுத்தும் பூனைகளின் ரத்தத்தில் சிபிடி குறைவாகத்தான் ஏறியது. அதனால் நாய் அளவைப் பார்த்துப் பூனைக்குக் கணக்குப் போடுவதும் சரிவராது. ஒரு பூனைக்குக் கல்லீரல் நொதி ஒன்று ஏறியது. எண்ணெய் கொடுக்கும்போது பல பூனைகள் தலையை உதறின, வாயை நக்கிக்கொண்டே இருந்தன.

இதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி தன் பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தாடை முழுக்க நுரை, கழுத்து முடி எண்ணெயில் திரிதிரியாக ஒட்டியிருந்தது, அவர் சட்டையிலும் பாதி எண்ணெய். புட்டியை மோந்து பார்த்தால் புதினா வாசனை. மனிதர்களுக்கான புட்டி அது. பூனையின் கல்லீரலுக்குச் சில பொருள்களைக் கழித்துத் தள்ளும் வசதி குறைவு. பாராசிட்டமால் பூனைக்கு விஷமாவதும் அதனால்தான். புதினாத் தைலம், டீ ட்ரீ ஆயில் போன்றவையும் ஆகாது. அந்த எண்ணெய் பதற்றத்தைக் குறைத்ததா என்று கேட்டேன். "எனக்குத்தான் பதற்றம் வந்துவிட்டது சார்" என்றார்.

இதற்கெல்லாம் மேலே, புட்டிக்குள் லேபிளில் சொன்ன அளவு இருக்கிறதா என்பதே சந்தேகம். எஃப்டிஏ சோதித்த பல பொருள்களில் சொன்ன அளவு சிபிடி இல்லை. அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) ஆய்வக அறிக்கை, டிஎச்சி அளவோடு, கையில் தராத புட்டியை வாங்காதீர்கள்.

கேள்வி: வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் பூனை. கூடவே சிபிடி?

மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளில் சிபிடி தலையிடும். அதனால் மற்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் மாறலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் தோழியிடம் ஒரு புட்டி வாங்கிவரச் சொல்லலாமா? (சிங்கப்பூர்)

வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் சிபிடி கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். லேபிளில் பூனைப் படம் இருந்தால் சட்டம் விட்டுவிடாது. மாட்டிக்கொள்வது உங்கள் தோழி.

கேள்வி: வீட்டுக்காரர் வைத்திருந்த கஞ்சா கலந்த கம்மி மிட்டாயைப் பூனை கடித்துவிட்டது. தள்ளாடுகிறது, எச்சில் ஊற்றுகிறது. அதுவும் சிபிடி மாதிரிதானே? (டொராண்டோ)

இல்லை. அந்தத் தள்ளாட்டம் டிஎச்சி விஷம். எழுதுவதை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், மிட்டாய் உறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தனியாக முறிமருந்து கிடையாது. உடம்புச் சூட்டைக் காத்து, தேவைப்பட்டால் டிரிப்ஸ் போட்டுக் கவனித்தால் பெரும்பாலும் தேறிவிடும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கனடாவில் 2018லிருந்து கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கடுவன் பூனை. புதுக் குழந்தை வந்ததிலிருந்து கோபத்தில் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறான். சிபிடி கொடுத்தால் நிற்குமா? (மதுரை)

கோபம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு முதலில் வலி ஞாபகம் வருகிறது. மனஅழுத்தத்தால் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரும். மணல் தட்டில் போனால் எரிகிறது என்று தட்டையே வெறுத்து, மெத்தையான இடம் தேடும். சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தட்டில் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடுவனுக்குப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

நோய் இல்லை என்று தெரிந்தபிறகு வீட்டைப் பாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும். தொட்டில் பக்கத்தில் இருக்கும் தட்டைத் தள்ளி வையுங்கள். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் அவனுக்கு ஓர் அலமாரித் தட்டு ஒழித்துக் கொடுங்கள்.

கேள்வி: 14 வயதுப் பூனை, ராத்திரி முழுக்கக் கத்துகிறது. வயதான பதற்றமா?

தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் தைராய்டு மேல்தான் என் முதல் சந்தேகம்.

கேள்வி: கிளினிக்குக்குக் கிளம்பினாலே ரணகளம். சிபிடி வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது? (கோவை)

கூண்டைப் பரண்மேல் வைத்திருந்து, ஊசி போடும் நாளில் மட்டும் இறக்குகிறீர்கள் அல்லவா? அதைக் கூடத்திலேயே திறந்து போடுங்கள். உள்ளே சாப்பாடு வையுங்கள். இரண்டு வாரத்தில் அதிலேயே தூங்கும்.

அதிலும் அடங்காத பூனைக்கு, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் காபாபென்டின் என்ற மருந்தைக் கொடுக்கச் சொல்வோம். அதே குடும்பத்து பிரீகாபலினைப் பூனையின் பயணப் பயத்துக்காகவே எஃப்டிஏ 2023இல் அனுமதித்தது. சிபிடிக்கு இல்லாத ஆதாரம் இவற்றுக்கு இருக்கிறது. ஒன்று மட்டும்: பாட்டியின் கால் எரிச்சலுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல காபாபென்டின் மாத்திரைகளில் நார்ட்ரிப்டிலினோ மெத்தில்கோபாலமினோ சேர்ந்தே வரும். தனிக் காபாபென்டின் எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் எடை பார்த்து எழுத வேண்டும்.

கேள்வி: கஞ்சாவை விடுங்கள். குப்பைமேனி வேரைப் பிடுங்கினால் பூனை மயங்கி உருளுகிறதே, அதைக் கொடுத்தால் பதற்றம் போகாதா? (திருநெல்வேலி)

நல்ல கேள்வி. அந்தச் செடிக்கு 'பூனைவணங்கி' என்றே ஒரு பெயர் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் கேட்நிப் என்று காசு கொடுத்து வாங்கும் கிறக்கம் நம் வேலியோரம் சும்மா முளைக்கிறது. ஆனால் அது சில நிமிடக் கூத்து. பதற்றமான பூனைக்கு அமைதி தருவதைவிடச் சில நேரம் வெறிதான் ஏற்றும். மோந்து புரண்டால் பரவாயில்லை. அரைத்து ஊட்டாதீர்கள், செடியில் சயனைடு தரக்கூடிய பொருள் இருக்கிறது. தொட்டியில் வளர்க்கப்போகிறீர்கள் என்றால் ரோஜா பக்கத்தில் வைக்காதீர்கள். வேரைத் தோண்டும் ஜோரில் ரோஜாவையும் சாய்த்துவிடும்.