பெட்டியோடு வாங்கலாமா ஸ்பைடர்மேனை?

கேள்வி: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன் நான். இத்தாலியில், ரெஜ்ஜோ எமீலியாவில் பல வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். தமிழில் டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியக் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த ஆள். இங்கே வந்தபின் அதையே இத்தாலியனில் வாங்கிப் படித்துத்தான் மொழியும் கொஞ்சம் பிடிபட்டது. போன மாதம் ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே 1970-களில் வந்த 'லுவோமோ ராஞ்ஞோ', அதாவது நம் ஸ்பைடர்மேன். 1 முதல் 60 வரை, நடுவில் சில இல்லை. முதல் இதழும் இருக்கிறது, எல்லாம் சேர்த்து 700 யூரோ என்கிறார். அமெரிக்கக் கதையின் இத்தாலிப் பதிப்பைச் சேர்ப்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டில் இடம் இல்லை, கீழே நிலவறையில் வைக்கலாமா? பத்து வயது மகன் வேறு இப்போதே படிக்கக் கேட்கிறான்.

பதில்: அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த 700 யூரோவை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இத்தாலிப் பதிப்பை அமெரிக்க அசலுக்கு ஏழை வீட்டுத் தம்பி மாதிரி நினைத்து வாங்கினால் சீக்கிரமே சலித்துவிடும். அமெரிக்க முதல் இதழ் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டாது, அதனால் இதையாவது வாங்குவோம் என்று ஆரம்பிக்கிறவர்கள் பலர். இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். நிலைத்து நிற்பவர்கள் இதை இத்தாலியப் பொருளாகவே பார்க்கிறவர்கள். உங்களுக்கு மொழி தெரியும், டெக்ஸ் வழியாக வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தாலிக்குள் சூப்பர் ஹீரோக்கள் நேர்வழியில் வரவில்லை. 1939-லேயே சூப்பர்மேன் வந்துவிட்டார், ஆனால் 'சிக்லோனே' என்ற பெயரில். போருக்குப் பின் 1954-ல் மொண்டதோரி நிறுவனம் 'ஆல்பி தெல் ஃபால்கோ' இதழில் அவரை மறுபடி கொண்டுவந்தபோது பெயர் 'நெம்போ கிட்' என்று ஆனது. மார்பில் இருந்த எஸ் எழுத்தை அழித்துவிட்டார்கள். அந்தக் கால இதழ் ஒன்றைக் கையில் எடுத்தால் நீல உடுப்பின் நடுவே அந்தச் சின்னம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கலாம். பேட்மேனுக்கு அங்கே 'பிப்பிஸ்த்ரெல்லோ', வௌவால் என்று பெயர். விற்பவர்களின் பட்டியலில் சூப்பர்மேன் என்று தேடினால் 1950-களின் இதழ்கள் கண்ணில் படாததற்கு இதுதான் காரணம். நெம்போ கிட் என்று தேடுங்கள்.

உங்கள் பெட்டி இதற்கு அடுத்த தலைமுறை. மிலானில் இருந்த எதிதோரியாலே கோர்னோ 1970 ஏப்ரலில் 'லுவோமோ ராஞ்ஞோ' முதல் இதழைக் கொண்டுவந்தது. விலை 200 லிரா, யூரோவுக்கு முன் இருந்த இத்தாலியப் பணம். அடுத்த மாதமே டேர்டெவில் 'டெவில்' என்ற பெயரில் வந்தார். 1971-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் தோரும், 1973-ல் கேப்டன் அமெரிக்கா. பதிப்பகத்தின் முக்கியமான ஆள் லூச்சானோ செக்கி. மாக்ஸ் புங்கர் என்ற பெயரில் 'ஆலன் ஃபோர்டு' என்ற இத்தாலியக் காமிக்ஸை எழுதியவர் அவர்தான். ஸ்பைடர்மேனின் இந்த முதல் வரிசை 1981 வரை 282 இதழ் ஓடியது. 1984-ல் கோர்னோவின் கதை முடிந்தது. இத்தாலியில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களுக்கு மார்வெல் என்றாலே கோர்னோதான். சந்தையில் பெட்டியைச் சுற்றி நிற்கும் நரைத்தலைகளைக் கவனித்துப் பாருங்கள், தெரியும்.

சரி, ஓர் இதழைத் திறப்போம். ஆரம்ப கால கோர்னோவில் இரண்டு பக்கம் வண்ணத்தில் இருக்கும், புரட்டினால் அடுத்த இரண்டு பக்கம் கறுப்பு வெள்ளை, பிறகு மறுபடி வண்ணம். முதன்முறை பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிழை இல்லை, செலவைக் குறைக்கச் செய்தது. தாளின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வண்ண அச்சு, மறுபக்கத்துக்குக் கறுப்பு மை மட்டும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது வண்ணம் போய்விடும், பிறகு வில்லன் தோற்று ஓடும்போது திரும்பி வரும். எனக்கு இது பிடிக்கும். கறுப்பு வெள்ளைப் பக்கங்களில்தான் ஆரம்ப ஸ்பைடர்மேன் கதைகளை வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் கோடு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு பதற்றமானது என்று தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பக்கங்களை நீங்கள் சோதிக்க வேறொரு காரணமும் உண்டு. 1970-ல் அந்த இதழை வாங்கிய பையனுக்கு அது வண்ணம் தீட்டும் புத்தகமாகத் தெரிந்திருக்கலாம். கலர் பென்சில் பட்ட பக்கம் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு இதழாகப் புரட்டுங்கள்.

இப்போது 700 யூரோ விஷயம். இப்படிப்பட்ட பெட்டியில் மதிப்பில் பெரும்பங்கு முதல் இதழுக்கும் அதை ஒட்டிய சில இதழ்களுக்கும்தான். 30, 40, 50 எல்லாம் சந்தைக்குச் சந்தை கிடைக்கும். விற்பவர் எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் போட்டிருப்பதால் முதல் இதழில் ஏதாவது கோளாறு இருந்தால் மொத்த நஷ்டமும் உங்களுக்குத்தான். அதனால் அவரிடம் இரண்டு விலை கேளுங்கள். முதல் இதழ் இல்லாமல் பெட்டி எவ்வளவு? முதல் இதழ் மட்டும் எவ்வளவு? நேர்மையான வியாபாரி யோசித்துச் சொல்லிவிடுவார். முதல் இதழுக்கு மட்டும் விலை சொல்லத் தயங்கினால் அதில்தான் ஏதோ இருக்கிறது.

என்ன இருக்கலாம்? முதலாவது, மறுபதிப்பு. புகழ்பெற்ற முதல் இதழ்களை அச்சு அசலாக அப்படியே திரும்ப அச்சிடும் வழக்கம் இத்தாலியில் உண்டு. 'ரிஸ்தாம்பா அனஸ்தாத்திகா' என்பார்கள். அது மோசடி இல்லை, வாசகர்களுக்காகச் செய்வது. பழையது என்று சொல்லி விற்றால்தான் மோசடி. அட்டையில் 200 லிரா என்று இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது, மறுபதிப்பிலும் அதுவே இருக்கும். பதிப்பு விவரம் உள்ள சிறிய எழுத்துகளை முதலில் வாசியுங்கள். பிறகு அதே பெட்டியிலிருந்து 5-ஆம், 6-ஆம் இதழை எடுத்து முதல் இதழின் பக்கத்தில் வைத்துத் தாளை ஒப்பிடுங்கள். ஐம்பது வருடத்துச் செய்தித்தாள் ரகத் தாள் ஓரத்தில் பழுப்பாகவும் நடுவில் கொஞ்சம் வெளுப்பாகவும் இருக்கும், காற்றும் வெளிச்சமும் ஓரத்திலிருந்துதானே நுழையும். எல்லா இடமும் ஒரே நிறத்தில், ஒரே வழுவழுப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டேபிள் போட்ட இதழ் என்றால் அந்தக் கம்பி புதுசாகப் பளபளக்கிறதா, லேசாகக் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் இத்தாலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இதில்தான். பத்திரிகை விற்கும் கியோஸ்கில் விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பி வந்த பிரதிகளுக்கு 'ரேசா' என்று பெயர். கோர்னோ அவற்றைத் தூக்கிப் போடவில்லை. சிலவற்றைச் சேர்த்து ஒட்டி, மேலே புது அட்டை போட்டு, 'ரக்கோல்தா' என்று மறுபடி விற்றது. பிற்காலத்தில் யாரோ அந்தத் தொகுப்பைப் பிரித்து, இதழ்களைத் தனித்தனியாக விற்கிறார்கள். உள்ளே இருப்பது அசல்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் தொகுக்கும்போது ஓரத்தை வெட்டிச் சமன் செய்திருப்பார்கள். இதழின் முதுகைத் தடவிப் பாருங்கள், காய்ந்த பசை சொரசொரவென்று விரலில் படும். மற்ற இதழோடு சேர்த்து மேசையில் நிமிர்த்தித் தட்டினால் உயரம் ஒரு நூலளவு குறையும். அட்டைப் படத்தின் விளிம்பும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கலாம். விற்பவரிடம் "ரிஃபிலாத்தோ?" என்று கேளுங்கள், அதாவது ஓரம் வெட்டியதா என்று. இந்தக் கேள்வி கேட்டதுமே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். படிக்க மட்டும் என்றால் வெட்டிய பிரதியைத் தாராளமாக வாங்கலாம், விலை மட்டும் இறங்க வேண்டும்.

சில இதழ்களோடு ஸ்டிக்கர், போஸ்டர் மாதிரி இலவச இணைப்பு வந்தது. அது இல்லாத பிரதியை முழுப் பிரதி என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே கூப்பன் வெட்டிய ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கூப்பனின் பின்பக்கத்தில் கதை இருந்திருக்கும்.

நிலைமையைக் குறிக்க அங்கே சொல்லும் வார்த்தைகள் உங்களுக்கு உதவும். 'எதீகொலா' என்றால் கியோஸ்கிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி. அதற்குக் கீழே 'ஓத்திமோ' (மிக நல்லது), பிறகு 'புவோனோ' (நல்லது). 'தா ஸ்தூதியோ' என்று எழுதியிருந்தால் கிழிசல், பக்கம் குறைவு எதுவும் இருக்கலாம். சந்தைக்காரர்கள் எதீகொலா என்ற வார்த்தையை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுவார்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புங்கள். என்னைக் கேட்டால் நீங்கள் போக வேண்டிய தரம் புவோனோதான். பக்கம் முழுசாக இருக்கும், கை வைத்துப் படிக்கவும் பயமிருக்காது.

நீங்கள் இருக்கும் ஊர் இதற்கு ரொம்ப வசதி என்பது உங்களுக்குத் தெரியுமா தெரியவில்லை. இத்தாலியக் காமிக்ஸ் நண்பர்கள் சங்கமான அனாஃபி தன் காமிக்ஸ் சந்தையை நடத்துவது ரெஜ்ஜோ எமீலியாவிலேயே. இப்போது இத்தாலியில் மார்வெல் வெளியிடும் பனீனி பக்கத்து ஊர் மோதெனாவில் இருக்கிறது. அக்டோபர் கடைசி, நவம்பர் முதலில் நடக்கும் லூக்கா காமிக்ஸ் விழாவுக்கும் தூரம் அதிகமில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தில் நிதானமாகப் பக்கம் புரட்ட விடமாட்டார்கள். முதலில் உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போய் நாலு மேசையில் அதே இதழ்களின் விலையை விசாரித்துவிட்டு, பிறகு பெட்டிக்காரரிடம் திரும்புங்கள். கையில் ஒரு 'மாங்கோலிஸ்தா' வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் இல்லாத எண்களின் பட்டியல். அங்கே எல்லோர் சட்டைப்பையிலும் அது இருக்கும். அதைக் காட்டினால் தன்னிடம் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

நிலவறைக்கு ஒரே பதில், வேண்டாம். போ ஆற்றுச் சமவெளியின் பனிமூட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு குளிர்காலம் போதும், தாளில் பூஞ்சை வாடை ஏறிவிடும், அப்புறம் அது போகவே போகாது. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு போதும், வெளிச்சுவரை ஒட்டாமல். இதழ்களை நிமிர்த்தி வையுங்கள். உறை பாலிப்ரோப்பிலீன் ஆக இருக்கட்டும். பழைய மிருதுவான பிவிசி உறை என்றால் நாளாக ஆக அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்டும் போடாதீர்கள். வாங்கி வந்த பெட்டியில் வாடை அடித்தால் வீட்டில் இருக்கும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் சில வாரம் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துப் பாருங்கள்.

மகனுக்குப் படிக்கக் கொடுங்கள், ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து வேண்டாம். 1987-ல் ஸ்டார் காமிக்ஸ் நிறுவனம் 'லுவோமோ ராஞ்ஞோ'வை மறுபடி ஆரம்பித்தது. அந்த இதழ்கள் சந்தையில் குவிந்து கிடக்கும், கோர்னோ அளவுக்கு யாரும் மதிப்பதும் இல்லை. ஒரு கட்டு வாங்கி அவன் அறையில் போடுங்கள், மடிக்கட்டும், கிழிக்கட்டும். கோர்னோ வேண்டும் என்று அடம்பிடித்தால் பெட்டிக்காரரிடம் ஓரம் வெட்டிய பிரதி ஒன்றைக் கொசுறாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் பக்கம் வந்ததும் கலர் பென்சிலைத் தேடினால் தடுக்க வேண்டாம்.