முள்முருக்குக் குழை வீங்குகிறது: கன்னிக்காலுக்கு வெட்டலாமா?

கேள்வி: இணுவிலில் எங்கள் வேலி முள்முருக்கின் இளங்குழை வீங்கி முறுகிப்போகிறது. ஆவணியில் கலியாணம். பந்தலில் நடும் கன்னிக்காலுக்கு அதில் கிளை வெட்டலாமா? மருந்து அடிக்க வேணுமா?

பதில்: வெட்டலாம். மருந்து அடிப்பது காசுக்குக் கேடு.

வீங்கிய இலைக்காம்பைப் பிளேட்டால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு அறைகளும், அறைக்கு ஒன்றாகக் காலில்லாத வெள்ளைப் புழுவும் தெரிந்தால், அது முருக்குக் கழலைக் குளவி; கழலை என்பது இந்த வீக்கம்தான். ஒன்றரை மில்லிமீற்றர்தான், ஆட்களைக் கொட்டாது. அறையே இல்லாமல் சுருண்டிருந்தால் இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சியைத் தேடுங்கள்.

குளவி இளந்தளிருக்குள் முட்டையிடும். புழு வளரவளர அதைச் சுற்றி மரமே சதை வைத்துக்கொடுக்கும். ஏறக்குறைய 20 நாளில் புதுக்குளவி ஊசித்துளை போட்டு வெளியேறும். புழு சதைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. வேரில் ஊற்றி ஏறவைக்கும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து வேலை செய்யும்; ஆனால் ஆடு தின்னும் குழைக்கும் தேனீ தேன் குடிக்கும் பூவுக்கும் அது போய்ச் சேரும். வீட்டு வேலிக்கு வேண்டவே வேண்டாம்.

துளை விழுமுன் வீங்கிய நுனிகளை, வீக்கத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி அன்றே எரியுங்கள். வேலியோரம் குவித்து வைத்தால் அங்கிருந்தே குளவி கிளம்பும். வெட்டிய மரம் ஒரேயடியாகத் தளிர்க்கும். அந்தத் தளிர்தான் குளவிக்கு விருந்து. ஆகவே யூரியா போடாதீர்கள், இரண்டு கிழமைக்கு ஒருதரம் தளிரைப் பாருங்கள்.

கன்னிக்காலுக்கு வீக்கமில்லாத, கைப்பிடித் தடிப்பில் முற்றிய கிளையாக எடுத்து, பச்சைத் தளிர் முழுவதையும் உருவிவிடுங்கள். வேறு ஊருக்குக் கதியால் (வேலிக்கு ஊன்றும் தடி) கொடுத்தாலும் இப்படித்தான். குளவி ஊர் மாறுவது குழையோடுதான். 2005 இல் ஹவாய்க்குள் நுழைந்து அங்கத்தைய முருக்குகளை மொட்டையாக்கிற்று. பிறகு 2008 இல் தன்சானியாவிலிருந்து அதன் எதிரிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

குளவி தொடுவது முருக்கு இனத்தை மட்டுமே. பட்ட கதியாலுக்குப் பதில் பூவரசோ கிளுவையோ ஊன்றலாம்.

மருந்துக்கடை மாசிக்காயும் காயல்ல, இப்படியொரு கழலைதான். துருக்கி, சிரியாப் பக்கத்து ஓக் மரத்தில் வேறொரு குளவி உண்டாக்குவது. வாங்கும்போது துளையில்லாத, பாரமானதைப் பொறுக்குங்கள்; குளவி வெளியேறியதில் துவர்ப்புக் குறைவு.