முள் எடுத்த மீன், எலும்பில்லாத கறி: கடையில் எப்படிக் கேட்பது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மீன் வெட்டும் அண்ணனிடம் (கீழக்கரையில் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள்) கேட்டவையும் அவர் சொன்னவையும்.

அண்ணே, கறிக்கடையில் ‘போன்லெஸ்’ என்றுதான் கேட்கிறேன். வேறு சொல் உண்டா? (பரமக்குடி)

ஆட்டுக்கறி என்றால் ‘தனிக்கறி’ என்று கேளுங்கள் தம்பி. தொடையில் கேட்டால் சுக்காவுக்கு நன்றாக இருக்கும். பொடியாகக் கொத்தினால் கொத்துக்கறி. கோழிக்கு மட்டும் எல்லோருக்கும் போன்லெஸ்தான், அதோடு சண்டை போட முடியாது. எலும்போடு எடைபோட்ட கறியென்றால் எலும்பையும் கட்டித் தரச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தானே காசு?

காக்கா, மீன்கடையில் ‘எலும்பில்லாத மீன்’ கேட்டேன். சிரிக்கிறார்கள். (கீழக்கரை)

மீனுக்கு முள் தங்கச்சி, அதனால்தான் சிரிப்பு. ஆனால் ‘முள் இல்லாமல்’ என்று மட்டும் சொன்னாலும் பாதி வேலைதான் நடக்கும். சீலா, அதாவது சென்னைக்காரர்கள் சொல்லும் வஞ்சிரம், வாங்கினால் நாங்கள் குறுக்கே வெட்டி வட்டத் துண்டாகப் போடுவோம். நடுமுள் உள்ளேயே இருக்கும். கத்தி வைக்கும் முன்னாடியே சொல்லணும்: “நீளவாக்கில் பிளந்து நடுமுள்ளை எடுத்துடுங்க, தோல் இருக்கட்டும்.” அப்போது கத்தியை முள்ளை ஒட்டியே ஓட்டி இரண்டு பக்கச் சதையையும் முழுசாக எடுப்போம். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதைத்தான் ஃபில்லெட் என்கிறார்கள். அப்புறமும் சதைக்குள் ஒரு வரிசை ஊசிமுள் மிச்சமிருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். தலை இருந்த பக்கமாகச் சாய்த்து இழுங்கள், சதை கிழியாது.

ஒரு கிலோ மீனில் அரைக்கிலோகூடத் தேறவில்லையே, ஏமாற்றிவிட்டார்களா? (ராமநாதபுரம்)

இல்லை. தலை, குடல், நடுமுள் போனால் அவ்வளவுதான் நிற்கும். தலையை விட்டுவிட்டு வராதீர்கள், குழம்புக்கு அதுதான் ருசி.

சுறாவுக்கு முள்ளே கிடையாதாமே? (தொண்டி)

சுறாவுக்கும் திருக்கைக்கும் உள்ளே இருப்பது குருத்தெலும்பு. புட்டுக்கு வேகவைத்து, சொரசொரப்பான தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு உதிர்த்தால், குருத்து தானாகப் பிரிந்துவிடும். தொண்டையில் குத்தும் முள் அதில் இல்லை.

கணவாயில் வெள்ளையாக ஒன்று வருகிறதே? (ஏர்வாடி)

அது ஓடு. சித்த மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்பது அதைத்தான். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டிவிடுவார்கள். ஊசிக்கணவாயில் ஓடு இருக்காது. நிறமில்லாத மெல்லிய தகடு ஒன்று, இழுத்தால் முழுசாக வந்துவிடும்.

மாசிக் கருவாட்டில் முள்ளே தட்டுப்படவில்லையே அண்ணே? (பாம்பன்)

சூரை மீனின் சதையை மட்டும் எடுத்து, அவித்து, புகைபோட்டுக் காயவைத்தது அது. அதனால்தான் இடித்துச் சம்பலில் போட முடிகிறது.

இரண்டு வயசுப் பிள்ளைக்கு நெத்திலி கொடுக்கலாமா? (முதுகுளத்தூர்)

கொடுக்கலாம். பச்சையாக இருக்கும்போதே தலையைக் கிள்ளி வால் பக்கமாக இழுங்கள், நடுமுள்ளும் கூடவே வரும். சூடையும் காரலும் இப்போதைக்கு வேண்டாம், பொடிமுள் அதிகம். எந்த மீனானாலும் ஊட்டும் முன் கையால் பிசைந்து பார்த்துவிடுங்கள்.