விளையாட்டு வீரர் ஒருவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

2016 ஆகஸ்ட் 14, ராத்திரி பதினோரு மணிக்கு மேல். ரியோ ஒலிம்பிக், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஓடிவந்து தாவும் வால்ட் பிரிவின் இறுதிப்போட்டி. நம் நாட்டு வீராங்கனை தீபா கர்மாகருக்காகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். எல்லாரும் தூங்கிவிட்டதால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். 0.15 புள்ளியில் வெண்கலம் கைநழுவியது. அந்த வருத்தத்தை ஊரே பேசித் தீர்த்துவிட்டது. எனக்கு மறக்காதது ஏழாவதாக வந்தவர்.

ஒக்சானா சுசோவிடினா, உஸ்பெகிஸ்தான். வயது 41! அன்று தங்கம் வென்ற சிமோன் பைல்ஸ் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1992 பார்சிலோனாவில் அணித் தங்கம் வாங்கியவர். தீபா செய்த அதே புரொடுனோவா என்ற தாவலை இவரும் செய்தார். ஓடிவந்து மேஜையில் கை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு பல்டி. கொஞ்சம் தப்பினால் கழுத்து போய்விடும். கால் தரையில் பட்டதும் வேகம் தாங்காமல் உருண்டே போனார்.

யார் இந்த அம்மா என்று தேடிப் படித்தேன். 2002இல் சின்னப் பையனாக இருந்த மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு ஜெர்மனி போய், பரிசுப் பணத்துக்காகவே போட்டி போட்டியாக ஆடியிருக்கிறார். 2008 பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளி. மகனும் பிழைத்துவிட்டான். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவரோ லண்டன், ரியோ என்று போய், 46 வயதில் டோக்கியோ வரை வந்துவிட்டார். மொத்தம் எட்டு ஒலிம்பிக்.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு பிரிவுகள் உண்டு. டோக்கியோவில் அவர் இறங்கியது வால்ட்டில் மட்டும். சில நொடி வேலை. மற்ற மூன்றையும் விட்டுவிட்டு, முடிந்ததை வைத்துக்கொண்டார். இறுதிக்குத் தகுதி பெறவில்லை. பார்வையாளர்களே இல்லாத அரங்கில் சக வீராங்கனைகளும் நடுவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 37 வயதில் முழங்கால் வலி வந்ததும் ஷட்டிலை ஒரேயடியாக விட்டவன் நான். ஒற்றையர் ஆட்டம் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், ஆடவே கூடாது என்று சொல்லவில்லை. பரணிலிருந்து ராக்கெட்டை எடுத்தால் கிரிப் பிசுபிசுவென்று கையோடு உரிந்து வந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் இரட்டையர் மட்டும். பின்னால் ஓட வேண்டிய பந்தெல்லாம் என்னோடு ஆடும் காலேஜ் பையன் பொறுப்பு. "அங்கிள், நீங்க நெட்டை விட்டு நகராதீங்க" என்பான்.

நகர்வதில்லை.