தொப்புளுக்குக் கீழே மட்டும் ஏன் அரிக்கிறது?

கேள்வி: எனக்கு 38 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். ஆறு மாதமாகத் தொப்புளுக்குக் கீழேயும் பின்கழுத்திலும் சிவந்து தடித்து அரிக்கிறது. க்ரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இறால், கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சோப்பும் மாற்றிப் பார்த்தாயிற்று. என்னதான் காரணம்?

இறால் சாப்பிட்ட உடனே உதடு வீங்கியதோ மூச்சு முட்டியதோ இதுவரை இல்லையென்றால், இறாலையும் கத்தரிக்காயையும் மறுபடி சாப்பிடுங்கள். சாப்பாட்டு அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் அங்கங்கே தடிப்பாக எழும்பி, ஒரு நாளில் மறைந்துவிடும். இரண்டே இடத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருக்காது.

நீங்கள் சொன்ன இடங்களைப் பாருங்கள். ஒன்றில் ஜீன்ஸ் பட்டன் உரசும், இன்னொன்றில் சங்கிலிக் கொக்கி உரசும். எனக்கு முதல் சந்தேகம் நிக்கல் என்ற உலோகத்தின் மேல்தான். கவரிங் நகை, பெல்ட் பக்கிள், மலிவான கடிகாரத்தின் பின்பக்கம் எல்லாவற்றிலும் அது இருக்கலாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை அதைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கிவிடும்.

இத்தனை நாள் பிடிபடாததற்கும் காரணம் உண்டு. இந்த வகை ஒவ்வாமை பட்டவுடன் காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப்போன சங்கிலிக்குச் செவ்வாய்க்கிழமை அரிக்கும், பழி அன்று மதியம் சாப்பிட்ட மீன்மேல் விழும். அதனால் அரிப்பு தொடங்கினால் இரண்டு மூன்று நாள் பின்னால் போய் யோசியுங்கள். 'பத்து வருஷமா இதே சங்கிலிதானே' என்று அதை விட்டுவிடவும் வேண்டாம், பழகிய பொருளுக்கும் உடம்பு ஒருநாள் திடீரென்று எதிர்ப்புக் காட்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? நான்கு வாரத்துக்குக் கவரிங்கைக் கழற்றிவையுங்கள், ஜீன்ஸ் பட்டனுக்கு உள்பக்கம் துணி வைத்துத் தையுங்கள். 22 காரட் தங்கம் பெரும்பாலும் தொந்தரவு தராது, வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். வயிறு அடங்கி கழுத்து மட்டும் அடங்கவில்லையென்றால் தலைச் சாயத்தைச் சந்தேகப்படுங்கள். அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் கழுத்துக்கும் வழியும். தீபாவளி நேரத்தில் சிலர் போட்டுக்கொள்ளும் 'கறுப்பு மருதாணி'யிலும் பெரும்பாலும் அதே பிபிடி இருக்கும். நிஜ மருதாணி செம்பழுப்பாகத்தான் சிவக்கும், ஒரு மணி நேரத்தில் கரிக்கட்டையாகக் கறுத்தால் அதைக் கையில் வைக்கவே வைக்காதீர்கள், அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும்.

அந்த க்ரீம் என்ன க்ரீம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஊரிலிருந்து வாங்கிவந்த, ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்தால் எனக்குப் பெரிய கவலை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இது படையாக, அதாவது பூஞ்சைத் தொற்றாக, இருந்தால் மேலுக்கு அடங்கினது மாதிரி தெரிந்தாலும் பரவிக்கொண்டே இருக்கும். ஓரம் வளையம் மாதிரி இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அப்படியிருந்தால் நிக்கலை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு மாண்டலே சாலையிலுள்ள தேசிய தோல் நிலையத்துக்குப் போகலாம். கேட்க வேண்டியது பேட்ச் டெஸ்ட், ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள், அப்புறம் ஒருமுறை வரச்சொல்லிப் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு மாறிப்போகும். அந்தச் சங்கிலி, சாயப் பெட்டி, களிம்பு டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள்.