லைக்குக்குவீங்கியும் டவரடைப்பும்: புதுச் சொல் போட்டிக்குச் சில யோசனைகள்

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் பொங்கல்தோறும் ஒரு தமிழ்ப் போட்டி வைக்கிறோம். போன பொங்கலுக்கு ‘ஆன்லைன் பித்துக்குப் புதுச் சொல் சொல்லுங்கள்’ என்று வைத்தோம். வந்ததில் பாதி ‘இணைய அடிமை’, மீதி ‘கைப்பேசி மோகம்’. யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை வாயில் ஒட்டுகிற மாதிரி சொற்கள் வர என்ன செய்யலாம்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் கேள்வியை மாற்றுங்கள். ‘ஆன்லைன் பித்து’ என்று மொத்தமாகக் கேட்டால் அடிமை, மோகம், போதை, வெறி என்று தேய்ந்துபோன சொற்கள்தான் வரும். ஒரு செயலைக் காட்டிக் கேளுங்கள். போட்டோவைப் போட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை லைக் எண்ணுகிறவர். எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்க, போனிலிருந்து கண்ணை எடுக்காதவர். குரூப்பில் தினமும் ரோஜாப் படத்தோடு குட்மார்னிங் சொல்கிறவர் (ஓசூர்த் தோட்டங்களில் பூப்பதைவிட அதிக ரோஜா வாட்ஸ்அப்பில்தான் பூக்கிறது). நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையே என்று தவிக்கிறவர். இப்படி ஆறு காட்சிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆங்கிலத்திலும் நிலைத்த சொற்கள் இப்படித்தான் பிறந்தன. 2012இல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதிக்காக ஒரு விளம்பர நிறுவனம் மொழி வல்லுநர்களைக் கூட்டிவைத்து ‘ஃபப்பிங்’ என்ற சொல்லை உருவாக்கியது. போனையும், ஆளை மதிக்காமல் ஒதுக்குவதைக் குறிக்கும் ‘ஸ்னப்பிங்’கையும் ஒட்டிய சொல் அது. எதிரே இருப்பவரை விட்டுப் போனைப் பார்ப்பது என்ற ஒரே ஒரு செயலைக் குறிக்கும். அதுவரை அதற்குப் பெயர் கிடையாது, அதனால் பிடித்துக்கொண்டது. செல்ஃபியின் கதை வேறு. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் தம்படம், சுயமி, தாமி என்று மூன்று சொற்கள் வந்தும் பேச்சில் செல்ஃபிதான் நிற்கிறது. சின்னதாக ஒரு பெயர் ஏற்கெனவே வாயில் உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவது கஷ்டம். ஆகவே பொருள்களுக்கும் செயலிகளுக்கும் பெயர் தேடுவதை விதியிலேயே தடுத்துவிடுங்கள். பெயரில்லாத நடத்தைக்கு மட்டும் பெயர் கேளுங்கள்.

இனி சொல் செய்யும் முறை. எல்லோருக்கும் தெரிந்த பழைய சொல் ஒன்றை எடுத்து, ஓசையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு துண்டை மட்டும் மாற்ற வேண்டும். பழைய சொல் அடியில் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் சிரிப்பு வரும். நோய்ப் பெயர்கள் இதற்கு ரொம்ப வசதி. பொன்னுக்குவீங்கியை எடுங்கள். லைக் எண்ணுகிறவர் ‘லைக்குக்குவீங்கி’ ஆகிவிடுவார். ‘அதுக்கு வீங்கிக் கிடக்கிறான்’ என்று ஏங்குவதையும் சொல்வோமே, அந்தப் பொருளும் சேர்ந்துவருகிறது. தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இவருக்கு நூறு லைக் விழுந்தால் வடியும். அசை பிரித்துப் பார்த்தால் இரண்டும் நேர், நேர், நிரை, நேர். ஓசை இப்படி அச்சாகப் பொருந்தினால் விளக்கமே வேண்டாம். அடுத்தது மாரடைப்பு. பஸ் அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் ஏறும்போது டவர் போய்விட்டால் சிலருக்கு முகம் வெளுக்குமே, அது ‘டவரடைப்பு’. ஒரு அசை நிரையாக மாறினாலும் காது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நாலு அசையைத் தாண்டும் சொல் மைக்கில் தடுக்கும். ‘விசைப்பலகை வெறியாளர்’ ஆறு அசை. படிக்கிறவர் மூச்சு வாங்குவார்.

வாயாடியிலிருந்து ‘விரலாடி’ செய்யலாம். குரூப்பில் பக்கம் பக்கமாகத் தட்டுவார், நேரில் பார்த்தால் வாயே திறக்கமாட்டார். இந்தச் சொல்லின் பலம், அது வினையாகவும் ஓடுவது: விரலாடுறான், விரலாடாதே, விரலாடியே பொழுது போச்சு. ‘பண்ணு’ சேர்த்தால்தான் வினையாகும் என்ற நிலையில் உள்ள சொல்லுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

உங்கள் பகுதிக்கென்றே ஒரு புதையல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அள்ளி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எத்தனை! ‘லைக்கு’வோடு ‘அள்ளி’ சேர்ந்தால் குற்றியலுகரம் கெட்டு ‘லைக்கள்ளி’. “அண்ணனுக்குச் சொந்த ஊர் எது?” “லைக்கள்ளி.” லைக்குகளை அள்ளுகிறவர், அந்த ஊர்க்காரர், இரண்டும் ஒன்றாக விழுகிறது. ஒரு எச்சரிக்கை: ஒரு பெண்ணைப் பார்த்து நேராக இப்படிச் சொன்னால் கடைசியில் ‘கள்ளி’தான் காதில் விழும். ஊர்ப்பெயராக மட்டும் புழங்கட்டும். புணர்ச்சியில் இப்படி வேண்டாத சொல் எட்டிப்பார்ப்பது அடிக்கடி நடக்கும். எழுதிப் பார்த்தால் தெரியாது, நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

பொங்கல் முடிந்ததும் உங்கள் மாவட்டத்தில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசை முழுக்கப் போனைத் தூக்கிப் பிடிக்கிறதே, அதற்கு ‘ரீல் விடும் விழா’ என்று பெயர் வைத்தால் போதும். ‘ரீல் விடாதே’ என்று பொய்யைச் சொல்லும் பழைய வழக்கும் அதில் ஒளிந்திருக்கிறது. சில சமயம் புதுச் சொல்லே தேவைப்படாது. நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து நாலு போனைக் குனிந்து பார்க்கும் வீட்டைப் பார்த்து ‘குடும்பத்துக்கே தலைகுனிவு’ என்றால் இருக்கிற சொல்லே புதிதாகிவிடுகிறது. ‘மொய்’யும் அப்படியே. அவர் என் படத்துக்கு எழுதினார், நான் அவர் படத்துக்குத் திருப்பி எழுத வேண்டும்.

மொழிபெயர்த்த சொல் வந்தால் தயங்காமல் நீக்குங்கள். கெட்ட செய்தியாகத் தேடித் தேடிப் படிக்கும் ‘டூம்ஸ்க்ரோலிங்’கை ‘அழிவுருட்டல்’ என்று யாராவது எழுதுவார்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ‘ஒப்பாரிமேய்ச்சல்’ என்றால் தெரியாதவரும் பிடித்துக்கொள்வார். கடன் சொற்களைப் பேச்சில் வரும் வடிவத்திலேயே வாங்குங்கள்: லைக்கு, ரீலு, டவரு. கடைசியில் உகரம் இருந்தால் எதோடும் ஒட்டும். ‘ஸ்டேட்டஸ்’ மாதிரி மெய்யில் தொடங்கி மெய்யில் முடியும் சொல் எதோடும் ஒட்டாமல் அடம்பிடிக்கும்.

ஓசூர், வேப்பனஹள்ளி பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தால் இன்னும் நல்லது. தெலுங்கில் ‘சினிமா பிச்சி’ என்றால் சினிமாக் கிறுக்கு, கன்னடத்தில் அதே இடத்தில் ‘ஹுச்சு’. ‘போன்பிச்சி’ தமிழ்க் காதுக்குப் பூவாகவும் தெலுங்குக் காதுக்குக் கிறுக்காகவும் கேட்கும். கூடவே, தேர்வான சொல் அந்த மொழிகளில் வசவாகிறதா என்றும் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

நடத்தும் விதம்: குழுவுக்கு நாலு பேர், இரண்டு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள். பழைய நோயும் பழைய விளையாட்டும் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், செயலி தெரிந்தவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தால் எல்லாம் ஆங்கிலமாக வரும், பெரியவர்களை மட்டும் உட்காரவைத்தால் எல்லாம் புத்திமதியாக வரும். முப்பது நிமிஷத்தில் இரண்டு காட்சிக்கு ஆளுக்குப் பத்துச் சொல் எழுதி, எட்டை அவர்களே அடித்துவிட வேண்டும். முதலில் தோன்றுவது அடுத்த குழுவுக்கும் தோன்றியிருக்கும். ஒரே சொல் இரண்டு குழுவிலிருந்து வந்தால் இரண்டுமே தள்ளுபடி. பத்து மதிப்பெண்ணில் ஊகத்துக்கு (கேட்டவர் பொருளை ஊகிப்பதற்கு) ஐந்து, ஓசைக்கு மூன்று, வினையாவதற்கு இரண்டு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: உண்மையான ஆள் பெயரோ, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பையனின் அடையாளமோ சொல்லில் இருக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. தூக்கமும் படிப்பும் கெட்டு, விட முடியாமல் தவிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசி, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவிக்கான இலவச எண்ணைக் கொடுங்கள். அங்கே கேலிச்சொல் வேண்டாம். அரங்கில் மாரடைப்பில் ஆளை இழந்த வீட்டார் இருந்தால் டவரடைப்பையும் அன்று ஒதுக்கிவையுங்கள்.

ஊகத்துக்கு மதிப்பெண் போடும் முறை: போட்டியில் இல்லாத ஐந்து பேரை முன்னால் அழைத்து, ஆறு காட்சிகளையும் பலகையில் எழுதிவையுங்கள். அறிவிப்பாளர் சொல்லை ஒரே முறை, பொருள் சொல்லாமல் படிக்க வேண்டும். ஐந்தில் மூன்று பேர் சரியான காட்சியைக் காட்டினால் சொல் தேறியது. பொருள் எழுதிய சீட்டு நடுவர் பையிலேயே இருக்கட்டும். எழுதியவரே எழுந்து விளக்க ஆரம்பித்தால் மைக்கை வாங்கிவிடுங்கள்.