போதை ஊசி தந்த பார்க்கின்சன்: எம்.பி.டி.பி கேள்வி பதில்

கார்த்திக்: சார், போதை ஊசியால் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1982-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரத்தில் சிலர் ‘செயற்கை ஹெராயின்’ என்று விற்றதை ஏற்றிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே உடம்பு அசையவில்லை, வாய் திறக்கவில்லை. முதலில் வந்தவருக்கு மனநோய் என்றே நினைத்தார்கள். விரல் லேசாக அசைவதைப் பார்த்து பென்சிலைக் கொடுத்தால், தனக்கு என்ன ஆகிறது என்று மெல்ல எழுதுகிறார்! புத்தி தெளிவாகவே இருந்திருக்கிறது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன், பார்க்கின்சனுக்கான மருந்தான லெவோடோபா கொடுத்ததும் அசைவு வந்தது.

செல்வி: அதில் எதைக் கலந்தார்கள்?

யாரும் கலக்கவில்லை. பெத்திடின் என்ற வலி நீக்கும் ஊசி மருந்துக்கு உறவான எம்.பி.பி.பி-யைத் திருட்டுத்தனமாகச் செய்தவர்கள் பக்குவம் தவறியதில் எம்.பி.டி.பி என்ற வேறொரு ரசாயனம் உண்டாகிவிட்டது. 1976-இல் மேரிலாந்தில் ஒரு வேதியியல் மாணவருக்கும் இதே கதிதான்.

செல்வி: அது மூளையில் என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், எம்.பி.டி.பி தானாக நரம்பணுவைக் கொல்வதில்லை. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சுலபமாக நுழையும். அங்கே நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளையா செல்களில் உள்ள எம்.ஏ.ஓ-பி நொதி அதை எம்.பி.பி பிளஸ் என்ற விஷமாக்குகிறது. அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள், வெளியே விட்ட டோபமினைத் திரும்ப உறிஞ்ச ஒரு வாசல் வைத்திருக்கின்றன. இந்த விஷம் டோபமின் வேஷம் கட்டிக்கொண்டு அதே வாசலில் புகுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. ஆற்றல் இல்லாமல் செல் சாகிறது.

பாத்திமா: எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களா?

பெரிய ஆய்வக எலிகள் அவ்வளவாக மசியவில்லை. குரங்குகள் அப்படியே முடங்கின. அந்தக் குரங்குகளின் மூளைக்குள் அசைவோடு தொடர்புள்ள சப்தலாமிக் பகுதியை அழித்ததும் அசைவு திரும்பியதை 1990-இல் கண்டார்கள். இன்று பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சிகிச்சையாக மூளையில் மின்முனை வைப்பது பெரும்பாலும் அதே இடத்தில்தான். என்னைக் கேட்டால், இந்த விஷத்தால் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

முருகேசன்: அப்பா பல வருஷமாக வயலுக்கு பாராகுவாட் களைக்கொல்லி அடிக்கிறார். இப்போது கை நடுங்குகிறது. அதனாலா சார்?

பாராகுவாட்டின் ரசாயன அமைப்பு எம்.பி.பி பிளஸுக்கு நெருக்கமானது. சந்தேகம் கிளம்பியதே அதனால்தான். இதோடு புழங்கியவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தைராய்டு, சில மாத்திரைகள், பரம்பரை என்று நடுக்கத்துக்குக் காரணம் பல. நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். என்னென்ன மருந்து, எத்தனை வருஷம் அடித்தார் என்று எழுதி எடுத்துப் போங்கள். இனி அவர் அடிக்க வேண்டாம். இலங்கையில் இதைத் தடை செய்தே பல வருஷமாகிறது.

ரேவதி: மாமியாரின் பார்க்கின்சனுக்குச் செலிஜிலின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நோய் நின்றுவிடுமா?

அது எம்.ஏ.ஓ-பி நொதியைத் தடுப்பது. விலங்குகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது எம்.பி.டி.பி விஷமாக மாறவில்லை. அதை வைத்துப் பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் மனிதரில் நோயை நிறுத்துவதாக நிரூபணமாகவில்லை. அறிகுறி ஓரளவு குறையும். வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரையை மறக்காமல் சொல்லுங்கள்: மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் உள்ள இருமல் மருந்தும், பெத்திடின் ஊசியும் இதோடு சேரக்கூடாது.